ஒதுக்கியது யார்? வாழ்க்கை வரலாறு எழுதப்போகும் தோழர்களுக்கு

ஒவ்வொரு செமஸ்டரிலும் இது நடக்கிறது. "உங்களுக்குப் பிடித்த ஓர் ஆளுமையின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வாருங்கள், சுவாரசியமாக இருக்க வேண்டும்" என்று கல்லூரியில் அசைன்மென்ட் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் அம்பேத்கரை எடுக்கிறார்கள். அயோத்திதாசரை எடுக்கிறார்கள். இரட்டைமலை சீனிவாசனை எடுக்கிறார்கள். எழுதி முடித்ததும் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க அக்கா", "திருத்திக் கொடுங்க அண்ணா" என்கிறார்கள். பார்க்கிறோம். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் எல்லாக் கட்டுரையும் ஒரே கட்டுரைதான்.

"ஏழ்மையான குடும்பத்தில் பிறந்தார். சாதிக் கொடுமைகளுக்கு ஆளானார். பள்ளியில் ஒதுக்கப்பட்டார். ஆனாலும் மனம் தளராமல் படித்தார். கடின உழைப்பால் உயர்ந்தார். அன்னாரின் வாழ்க்கை நமக்கெல்லாம் ஓர் எடுத்துக்காட்டு."

இந்த ஆறு வாக்கியங்களில் ஓர் ஆள் குறைகிறார். யார் என்று தெரிகிறதா? ஒதுக்கியவர். "ஒதுக்கப்பட்டார்" என்றால் யாரோ ஒதுக்கியிருக்க வேண்டும். "கொடுமைக்கு ஆளானார்" என்றால் யாரோ கொடுமை செய்திருக்க வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் இல்லை, வேலை இல்லை, ஊர் இல்லை, சாதியும் இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோலச் சாதியும் தானாக வந்து தானாகப் போய்விடுகிறது.

கட்டுரை சலிப்பூட்டுவதற்கும் அதுவே காரணம், அது பொய்யாகிப் போவதற்கும் அதுவே காரணம். நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்: எதிரில் நிற்கும் ஆளை மறைத்துவிட்டு எந்த மனிதரின் வாழ்க்கையையும் சுவாரசியமாக எழுத முடியாது. ஒரு தலித்தின் வாழ்க்கையை நிச்சயமாக எழுத முடியாது.

ஊக்கமூட்டும் கதை யாருக்கு வேண்டும்?

"பாசிட்டிவாக எழுதுங்கள், மாணவர்களுக்கு ஊக்கமாக இருக்க வேண்டும்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தெருவிளக்கில் படித்தார், உயர்ந்தார். சரி. அப்படியானால் உயராதவர்கள் யார்? உழைக்காதவர்கள்! பத்தாம் வகுப்போடு நின்று செங்கல் சூளைக்குப் போன பையன், நூற்பாலைக்குக் கூட்டிச் செல்லப்பட்ட பெண், இவர்களெல்லாம் மனம் தளர்ந்தவர்கள் என்றாகிவிடுகிறது. "அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?" என்ற கேள்வியை, படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகளின் வீடுகளில் நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அம்பேத்கரின் படத்தைக் காட்டியே கேட்கிறார்கள். அம்பேத்கரின் வாழ்க்கையை வைத்து அம்பேத்கரின் மக்களையே அடிக்கிறார்கள்.

உண்மையில் அவர் தனியாளாக "உயர்ந்தவரா"? மகனைப் படிக்கவைப்பதற்காகக் கடன் வாங்கிய அப்பா ராம்ஜி இருந்தார். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை இருந்தது. 1913இல் அதை வைத்துத்தான் கொலம்பியாவுக்குக் கப்பல் ஏறினார். வீட்டில் வறுமையைச் சுமந்து நின்ற ரமாபாய் இருந்தார். இத்தனை பேரையும் எடுத்துவிட்டு "விடாமுயற்சி" என்ற ஒற்றைச் சொல்லை வைத்தால் ஆதிக்கச் சாதிக்கு மிகவும் வசதி. கல்வி உதவித்தொகை எதற்கு, இடஒதுக்கீடு எதற்கு, உழைத்தால் போதாதா என்று அடுத்த பத்தியிலேயே கேட்டுவிடலாம்.

ஸ்டேஷன் மாஸ்டரை எழுதுங்கள்

அப்படியானால் எப்படி எழுதுவது? அம்பேத்கரே எழுதிக் காட்டியிருக்கிறார். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு நூல். அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகவில்லை. 1990இல்தான் தனி நூலாக வந்தது. ஒரே நாளில் படித்துவிடலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்திருக்கிறார்கள். நம் கல்லூரிகள் எத்தனையில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அதில் முதல் சம்பவம் 1901இல் நடக்கிறது. ஒன்பது வயதுச் சிறுவன். அப்பா கோரேகானில் காசாளர் வேலையில் இருக்கிறார். கோடை விடுமுறைக்கு அங்கே போக, வீட்டுப் பிள்ளைகள் நல்ல உடை உடுத்திக்கொண்டு ரயில் ஏறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். கூட்டிப்போக யாரும் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வந்து அக்கறையாக விசாரிக்கிறார். யாருடைய பிள்ளைகள் என்று கேட்கிறார். சிறுவன் யோசிக்காமல் "மகர்" என்று சொல்லிவிடுகிறான். மாஸ்டரின் முகம் மாறுகிறது. அங்கே நின்ற வண்டிக்காரர்கள் ஒருவரும் வர மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்டுவது, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவது என்று பேசி முடிக்கிறார்கள். கையில் சாப்பாடு இருந்தது. வழியில் குடிக்கத் தண்ணீர் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

"சிறுவயதில் தீண்டாமைக் கொடுமையை அனுபவித்தார்" என்ற வாக்கியத்தை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். எதை மறக்க முடியாது? ஸ்டேஷன் மாஸ்டர் கெட்டவராக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சாதி தெரியும்வரை அன்பானவராகத்தான் இருந்தார். தெரிந்த பிறகுதான் முகம் மாறியது. சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க அந்த முகமாற்றம் போதும். வண்டிக்காரரைப் பாருங்கள். தொட்டால் தீட்டு, ஆனால் இரட்டை வாடகை தீட்டில்லை. இந்தக் கணக்கை எந்தச் சமூகவியல் பாடநூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அதே நூலில் இன்னொரு சம்பவம், கத்தியவாரில் நடந்தது. ஒரு தலித் பள்ளி ஆசிரியரின் மனைவிக்குக் குழந்தை பிறந்தபின் உடல்நிலை மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். பெண்ணை வெளியே கொண்டுவரச் சொல்கிறார். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமின் கையில் கொடுக்கிறார், அவர் கணவரிடம் கொடுக்கிறார், கணவர் மனைவியிடம் கொடுக்கிறார். திரும்பவும் அதே வரிசையில் மருத்துவரிடம் போகிறது. அந்தப் பெண் இறந்துபோகிறார். இதில் "கொடூரமான", "மனிதத்தன்மையற்ற", "நெஞ்சை உலுக்கும்" என்ற சொற்கள் எங்கே தேவைப்படுகின்றன? கை மாறிப் போகும் அந்தத் தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

ஆகவே முதல் வேலை இது. உங்கள் கட்டுரையை எடுத்து "பட்டார்", "பட்டது", "ஆளானார்" என்று முடியும் வாக்கியங்களுக்கெல்லாம் பேனாவால் அடிக்கோடு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் "யாரால்?" என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் தேடுங்கள். தேடியும் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையே எழுதுங்கள். அந்தப் பெயரைப் பதிவு செய்யாமல் விட்டது யார் என்பதும் வரலாறுதான்.

ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்

பிறந்த தேதியோடு தொடங்கி இறந்த தேதியோடு முடிப்பது வாழ்க்கை வரலாறு அல்ல, கல்வெட்டு. படிப்பவருக்கு அடுத்த பக்கத்தைப் புரட்ட ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் ஒரு கேள்வியிலிருந்துதான் வரும்.

இரட்டைமலை சீனிவாசனை எடுத்துக்கொள்வோம். 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைத்தவர். கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி அதில் சொல்கிறார். ஏறத்தாழ 400 மாணவர்கள். பத்துப் பேர் நீங்கலாக எல்லோரும் பார்ப்பனர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் யாரோடும் பழகாமல் இருந்தார். மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது இருந்து படித்துவிட்டு, அடித்ததும் உள்ளே போவார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வதற்குள் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார்.

அதே மனிதர் 1893 அக்டோபரில் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்குகிறார். அதற்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'பறையன்'.

இதுதான் கேள்வி. தன் சாதியை மறைக்க ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போன மாணவன், அந்தச் சொல்லையே பத்திரிகையின் நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஊருக்கு நடுவே வந்து நிற்கும் அளவுக்கு எப்படி மாறினான்? இடையில் என்ன நடந்தது? அவர் வேலை பார்த்த இடங்கள், சென்னையில் சந்தித்த ஆட்கள், அன்றைய காங்கிரஸ் அரசியல், மற்ற பத்திரிகைகள் நம் மக்களைப் பற்றி எழுதிய விதம் என்று எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்விக்குள் கொண்டுவந்துவிடலாம். எதைச் சேர்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்ற குழப்பமும் தீர்ந்துவிடும். கேள்விக்குப் பதில் சொல்ல உதவினால் உள்ளே, உதவாவிட்டால் வெளியே. வட்டமேசை மாநாட்டுக்குப் போனார், திவான் பகதூர் பட்டம் பெற்றார் என்ற பட்டியலை விக்கிப்பீடியா பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கேள்வி இன்றைய வகுப்பறைக்கும் உரியது. பெயரைச் சொன்னதும் "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்கும் விடுதி நண்பனிடம் பேச்சை மாற்றும் முதலாமாண்டு மாணவர் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் கட்டுரையைப் படிக்க வேறு எந்த ஊக்கமும் தேவையில்லை.

நம் பக்கத்துச் சிலைகள்

ஆதிக்கச் சாதியார் நம் தலைவர்களை மறைக்கிறார்கள் என்று பேசுகிறோம். சரிதான். நாமும் ஒரு விதத்தில் மறைக்கிறோம். மாமேதை, விடிவெள்ளி, புரட்சிச் சூரியன், ஒப்பற்ற தலைவர் என்று அடைமொழிகளை அடுக்கி அடுக்கி, கடைசியில் ஆளே தெரியாமல் செய்துவிடுகிறோம். சிலைக்குக் கூண்டு போடுவது அரசு. அடைமொழியால் கூண்டு போடுவது நாம். சிலைக்கு மாலை போடலாம், அதனோடு பேச முடியாது. வாழ்க்கை வரலாறு பேசுவதற்காக எழுதப்படுவது.

நம் முன்னோர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டிருக்கிறார்கள். அதை எழுத ஏன் தயங்க வேண்டும்? அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் மைத்துனர்கள். சீனிவாசனின் சகோதரியைத்தான் அயோத்திதாசர் மணந்திருந்தார். ஒருவர் 'பறையன்' என்று பத்திரிகை நடத்தினார். அந்தப் பெயரே எதிரிகள் நம்மீது சுமத்திய இழிவு என்று வாதாடியவர் மற்றவர். அவர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே 'தமிழன்' என்று மாற்றினார். ஒருவர் 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். மற்றவர் கடைசிவரை மதம் மாறவில்லை; 1930களில் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்தபோதும் உடன்படவில்லை. ஒரே குடும்பம், ஒரே ஒடுக்குமுறை, இரண்டு வழிகள். இழிசொல்லை எடுத்து நிமிர்த்துவதா, தூக்கி எறிந்துவிட்டு வேறு பெயர் சூடுவதா? இந்தக் கேள்வியை நாம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 'தலித்' என்ற சொல்லைச் சுற்றி நம் கூட்டங்களில் நடக்கும் வாக்குவாதம் வேறென்ன?

எம்.சி. ராஜாவை எடுத்தால், 1932இல் மூஞ்சேயோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். தனித்தொகுதி கேட்டு வந்தவர், அம்பேத்கர் தனித்தொகுதிக்காகப் போராடிய நேரத்தில் கூட்டுத்தொகுதியை ஒப்புக்கொண்டார். ஏன்? வட்டமேசைக்கு அவரை அழைக்காதது ஒரு காரணமா? சென்னை மாகாணத்தின் கணக்கு பம்பாயின் கணக்கிலிருந்து வேறுபட்டதா? தவறு என்று நீங்கள் முடிவு செய்யலாம். ஆனால் அவர் முடிவெடுத்த அறைக்குள் படிப்பவரை ஒருமுறை கூட்டிக்கொண்டு போன பிறகு முடிவு செய்யுங்கள்.

தேசத்துரோகி என்பார்கள். அதையும் எழுதுங்கள்

மாணவர்கள் அதிகம் மறைப்பது இதைத்தான். 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. சீனிவாசன் அதை எதிர்த்துச் சென்னையில் கூட்டம் போட்டார். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனுவை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். 1928இல் நாடு முழுக்க "சைமனே திரும்பிப் போ" என்று முழங்கியபோது, மீனாம்பாள் சைமன் குழுவை ஆதரித்து மேடையேறினார்.

"இதை எழுதினால் வெள்ளைக்காரனுக்கு ஆதரவு என்று சொல்லிவிடுவார்கள்" என்று பயப்படுகிறார்கள். எழுதாவிட்டாலும் சொல்லத்தான் போகிறார்கள். ஆகவே அந்த மனுவின் நியாயத்தை விளக்குங்கள். இங்கே தேர்வு வைத்தால் அன்றைக்கு யார் எழுதியிருப்பார்கள்? சீனிவாசன் படித்த இடத்தில் 400க்குப் பத்துப் பேர் என்ற கணக்கை மறுபடி பாருங்கள். அதிகாரம் லண்டனிலிருந்து கிளம்பி அக்ரகாரத்தில் இறங்குவதை விடுதலை என்று அவர் ஏன் நம்ப வேண்டும்? உங்கள் கட்டுரையின் மிக விறுவிறுப்பான பகுதி இதுவாகத்தான் இருக்கும். படிப்பவர் பள்ளியில் மனப்பாடம் செய்த வரலாறு ஆட்டம் காணும் இடம் இது. 112 அடி நீளத்தை வகுப்பில் நடந்து காட்டுங்கள். எத்தனை வகுப்பறைகளைத் தாண்டிப் போகிறது என்று பார்க்கட்டும். எழுதப்படிக்கத் தடைபோட்ட காலத்தில் 3412 பேரைத் தேடிப்பிடித்துக் கையொப்பம் வாங்க எத்தனை தெருக்கள் நடந்திருக்க வேண்டும்!

மரணத்துக்கு முன்னால் ஒரு வாழ்க்கை, கணவருக்கு அப்பால் ஒரு பெண்

இம்மானுவேல் சேகரனைப் பற்றி எழுதுபவர்கள் 1957 செப்டம்பர் 11இல் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். செப்டம்பர் 10இல் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம், மறுநாள் இரவு பரமக்குடியில் கொலை. அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் அவர் பிறந்தது 1924இல். முப்பத்திரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறார். ராணுவத்தில் இருந்திருக்கிறார். திரும்பி வந்து ஊர் ஊராக மக்களைத் திரட்டியிருக்கிறார். சீருடையில் நிமிர்ந்து நடந்த ஓர் ஆள், சொந்த ஊருக்கு வந்ததும் குனிந்து நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்த சமூகம் எது, அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதுதான் அவருடைய வாழ்க்கை. கொலையில் மட்டும் நிறுத்தினால் அந்த வாழ்க்கையின் எல்லையைக் கொலைகாரன் தீர்மானிப்பதாக ஆகிவிடும்.

பெண்களுக்கு வந்தால் இன்னும் மோசம். மீனாம்பாள் யார் என்று கேட்டால் "ந. சிவராஜின் மனைவி, பெரியாருக்குப் பெரியார் என்று பட்டம் கொடுத்த மாநாட்டில் இருந்தவர்" என்கிறார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை இரண்டு ஆண்களின் பெயருக்கு நடுவே நசுங்கிக் கிடக்கிறது. 1904இல் ரங்கூனில், வணிகர் மதுரைப் பிள்ளையின் பேத்தியாகப் பிறந்தவர். 1992 வரை வாழ்ந்தவர். கடல் கடந்து பொருள் ஈட்டிய தலித் குடும்பம் ஒன்று இருந்தது என்ற செய்தியே "ஏழ்மையான குடும்பத்தில் பிறந்தார்" என்ற வார்ப்பை உடைத்துவிடும். வறுமை இல்லாத வீட்டுக்கும் சாதி வந்தது என்று காட்டிவிடும். அவரை எழுதப் போகிறவர்கள் 1938 மாநாட்டுக்கு வருமுன் பத்து ஆண்டுகளாவது அவரோடு நடந்து வாருங்கள்.

சட்டம் வந்த நாளில் கதையை முடிக்காதீர்கள்

பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்களை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டசபையில் சீனிவாசன் கொண்டுவந்தார். நிறைவேறியது. பெரும்பாலான கட்டுரைகள் இங்கே கைதட்டி முடிந்துவிடும். அதே போன்ற தீர்மானம் பம்பாயில் 1923இலேயே நிறைவேறியது. அடுத்த ஆண்டு மகத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக முடிவு செய்தது. காகிதத்தில் குளம் திறந்தது. தண்ணீரைத் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடித்த பிறகு என்ன நடந்தது? கலைந்து சென்றவர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு 1937 வரை நடந்தது. சட்டத்துக்கும் தண்ணீருக்கும் இடையே இருந்த அந்தத் தூரத்தில்தான் கதை இருக்கிறது. "உரிமை பெற்றுத் தந்தார்" என்று எழுதும்போதெல்லாம், மறுநாள் காலையில் கிணற்றடியில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

உங்கள் பாட்டியை எழுதலாமா?

தலைவர்களைத்தான் எழுத வேண்டும் என்று யார் சொன்னது? அறுவடைக்கும் நடவுக்கும் போன பாட்டி, மலக்குழியில் இறங்கிய தாத்தா, சாவு வீட்டுக்குப் பறையடிக்க இனி வரமாட்டேன் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்ன சித்தப்பா: இவர்களுக்கும் வாழ்க்கை உண்டு, வரலாறும் உண்டு. "பாட்டி, உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தச் சொல்றது, பட்டது பட்டதுதான்" என்பார். அப்படிக் கேட்காதீர்கள். முதல் கூலி எவ்வளவு, காசாகவா நெல்லாகவா? எந்தப் படியில் அளந்தார்கள்? குழந்தைக்குப் பால் கொடுக்க வரப்புக்குப் போனால் மேஸ்திரி என்ன சொல்வார்? பண்ணையார் வீட்டில் எந்த வாசல்வரை போகலாம்? யார் வீட்டுக் கல்யாணத்தில் முதன்முதலாகச் செருப்புப் போட்டார்? இப்படிக் கேட்டால் பாட்டி பேச ஆரம்பிப்பார். நிறுத்த முடியாது.

வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டா, கடன் பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை இருந்தால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். நிலம் இருந்து போனது என்று பாட்டி சொன்னால் விடாதீர்கள். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. நம் மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாது என்ற நிபந்தனையோடு வந்த நிலம். அது இன்று யார் பெயரில் இருக்கிறது? பாட்டியின் கதை வருவாய்த்துறை ஆவணத்தோடு சேரும் இடத்தில் உங்கள் கட்டுரை வகுப்பைத் தாண்டிப் போய்விடும். எழும்பூர் ஆவணக் காப்பகமும் கன்னிமரா நூலகமும் மாணவர்களுக்கும் உரியவைதான். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஒரு எச்சரிக்கை. சொல்பவரின் அனுமதி இல்லாமல் எதையும் எழுதாதீர்கள். இன்னும் அதே ஊரில், அதே ஆட்களின் நிலத்தில் வேலை செய்பவர் என்றால் பெயரையும் ஊரையும் மாற்றுங்கள். எதிரியின் பெயரை எழுதும் துணிச்சல் உங்களுடையது. அதன் விலையைப் பாட்டி கொடுக்கக் கூடாது.

பேராசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "உங்கள் குடும்பத்தில் ஒருவரைப் பற்றி எழுதி வகுப்பில் வாசியுங்கள்" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். மற்ற மாணவருக்கு அது வீட்டுப்பாடம். நம் பிள்ளைக்கு அது அறுபது பேர் முன்னால் சாதியை அறிவிக்கும் மேடை. அறிவிப்பதா வேண்டாமா, எப்போது, எந்தச் சொல்லால் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வெட்கப்பட வேண்டியது அந்தப் பிள்ளை அல்ல. ஆனால் கேலி செய்பவனைத் தட்டிக்கேட்க நீங்கள் தயாரா என்று முதலில் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுநிலை என்ற பேச்சு

இப்படியெல்லாம் எழுதிக்கொண்டு போனால் "உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கிறாய், நடுநிலை இல்லை" என்று மதிப்பெண்ணைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். பதில் தயாராக இருக்கட்டும். "ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது" என்பது உணர்ச்சி அல்ல, தகவல். "கொடுமைகளுக்கு ஆளானார்" என்பதுதான் தகவலே இல்லாத உணர்ச்சி. செய்தவரின் பெயரை விட்டுவிட்டால் நடுநிலை, சேர்த்தால் சார்பு என்றால் அந்த நடுநிலை யார் பக்கம் நிற்கிறது? தேதி, இடம், ஆவணம் மூன்றையும் கட்டுரைக்குள் கொடுத்துவிடுங்கள். பிறகு எழுதியவரைக் குறை சொல்வது கடினம், எழுதப்பட்டதோடு மோத வேண்டியிருக்கும்.

இது வெறும் இன்டர்னல் மதிப்பெண் விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அம்பேத்கர் பள்ளியில் படித்த காலத்தில் அவரைப் பாராட்ட ஒரு கூட்டம் நடந்தது. அதில் கேலுஸ்கர் என்ற ஆசிரியர் தான் மராத்தியில் எழுதிய புத்தரின் வாழ்க்கை வரலாற்றை அந்தச் சிறுவனுக்குப் பரிசாகக் கொடுத்தார். பௌத்தத்தின் பக்கம் தான் எப்படித் திரும்பினேன் என்று சொல்லும்போது, அம்பேத்கர் அந்தப் புத்தகத்திலிருந்துதான் தொடங்குகிறார். 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்கள் அவரோடு பௌத்தம் தழுவினார்கள்.

ஒரு மாணவர் கையில் சேரும் வாழ்க்கை வரலாறு எதுவரை போகும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கட்டுரையும் யாரோ ஒரு தம்பியின், தங்கையின் கைக்குப் போகும். "உழைத்தால் உயரலாம்" என்பதை அவர்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. ஒதுக்கியது யார், எதிர்த்து நின்றது எப்படி என்பதைச் சொல்ல நம்மை விட்டால் ஆள் இல்லை.

எழுதுங்கள். எழுதியதை அனுப்புங்கள். அடிக்கோடு போடப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறோம்.

ஜெய் பீம்.